மேஜைக்குத் தொண்ணூற்றெட்டு

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள். இப்போது வேலையில் இருப்பவள், கெட்டிக்காரி. சின்ன கம்ப்யூட்டர் போர்டில் செருகிய யுஎஸ்பி சென்சார் விட்டுவிட்டுக் காணாமல் போகிறதாம், காரணம் பிடிபடவில்லையாம். ‘இப்போதைக்குக் கடைசியாக வந்த ரீடிங்கையே திரையில் நிறுத்தி வைத்துவிட்டோம். கஸ்டமர் ஹேப்பி.’ அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் அவளுக்குப் போன் போட்டேன்.

“முதல்ல அதை எடு! இன்னிக்கே எடு!”

“யாக்கே ஆன்ட்டி, ஏன் இஷ்டு கோபம்? அது தண்ணித் தொட்டி லெவல் பாக்குற மிஷின்தானே?”

“தண்ணித் தொட்டியோ தலைவலியோ, எடுன்னா எடு!”

ரிட்டயர் ஆன கிழவிக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று அவள் நினைத்திருப்பாள். “என்னன்னு சொல்லுங்களேன்” என்றாள். போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். மைசூர் விஜயநகர் வீட்டில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜெசிந்தா என் பெயர். அம்மா டீச்சர், சித்தி நர்ஸ், நான் மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு செய்கிற இடத்தில் சால்டர் புகையைக் குடித்தபடி பல வருஷம். அது மூடியதும் வேறொன்று, அதுவும் மூடியதும் இன்னொன்று. கடைசியில் ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சின்ன ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். வேலையை வேலையாகக் கற்றுக்கொண்டது அங்கேதான், அதுவும் தலை நரைத்த பிறகு. கற்றுக்கொடுத்தவர் எங்கள் சீஃப் இன்ஜினியர் திருநாராயணன். நாங்கள் டி.என். சார் என்போம்.

மேல்கோட்டைக்காரர், ஆசாரம் பார்ப்பவர், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. போர்டைத் தொடுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், இரண்டையும் சட்டைப் பையில் போட்டு பட்டனை மாட்டுவார். அதன் பிறகும் உடனே தொடமாட்டார், சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். கேன்டீனில் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார், எல்லாம் வீட்டு பிளாஸ்க்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஓடிவந்து “சார், இந்த யூனிட்ல பவர் சப்ளை போச்சு” என்றால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“பாத்தியா, நெனைச்சுண்டியா?”

கண்ணால் பார்க்காமல் ஊகித்துக்கொண்டு வந்த பாதிப் பேர் அங்கேயே திரும்பி நடந்துவிடுவார்கள். எனக்கு முதல் வருஷம் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ரிப்பேருக்கு வெளியே அனுப்பும்போது இன்னொன்று சொல்வார். “பொட்டிய மட்டும் தூக்கிண்டு வராதே. அதோட சொந்தக்காரா எல்லாரையும் கூட்டிண்டு வா.” அடாப்டர், வயர், எக்ஸ்டென்ஷன், அது செருகியிருந்த பிளக் போர்டு, எல்லாம் வேண்டும். கஸ்டமர் வீட்டுப் பிளக் போர்டைச் சுவரிலிருந்து கழற்றி வந்திருக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். வயரையும் அடாப்டரையும் சேர்த்து மாற்றி ‘சரியாயிடுச்சு சார்’ என்று போய் நின்றால், இரண்டையும் பழையபடி போட்டு மறுபடி கெடுத்துக் காட்டச் சொல்வார்.

நாங்கள் செய்த பெட்டி, பிறந்த குழந்தைகளுக்கானது. குழந்தையின் பாதத்தில் மெத்தென்று ஒரு பட்டையைச் சுற்றுவார்கள். அதிலுள்ள சிவப்பு வெளிச்சம் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும். பட்டையின் வயர் யுஎஸ்பி வழியாகப் பெட்டிக்குள் போகும், அங்கே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. திரையில் இரண்டே எண்கள், மேலே ஆக்சிஜன், கீழே நாடித்துடிப்பு. ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனால் பெட்டி கத்தும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விலை உயர்ந்த மானிட்டர்களை வாங்க முடியாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்காகச் செய்தது. எங்களுக்கெல்லாம் அதில் அவ்வளவு பெருமை.

ஆரம்பத்தில் அது தொட்டதற்கெல்லாம் கத்தியது. குழந்தை காலை உதைத்தால் கத்தும், யுஎஸ்பி கண் சிமிட்டும் நேரம் விட்டுப்போனால் கத்தும். இப்படிக் கத்தினால் நர்ஸ்கள் அலாரத்தையே அணைத்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான ஆபத்தின்போது என்ன செய்வது என்று டாக்டர்கள் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். டி.என். சாரே உட்கார்ந்து புரோகிராமில் சில வரிகள் எழுதினார். ரீடிங் நின்றால் சில விநாடிகள் கடைசி எண்ணையே காட்டு, அதற்குள் திரும்பி வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டுக் கத்து. அவ்வளவுதான். டாக்டர்கள் நிம்மதியானார்கள், பெட்டிகள் மைசூரைத் தாண்டிக் கொள்ளேகால், ஹனூர் வரைக்கும் போயின.

ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் விரலில் பட்டையைச் சுற்றித்தான் சோதித்தோம். ஸ்டோர்ஸ் மாதப்பாவின் விரலுக்கு எப்போது சுற்றினாலும் தொண்ணூற்றொன்பது காட்டும், அதனால் அவருக்குத் தங்க விரல் என்று பெயர். விரலை நீட்டிக்கொண்டு கன்னட பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருப்பார். “என் வெரலுக்குத் தனியா சம்பளம் போடுங்க மேடம்” என்று கிண்டல் வேறு. இந்த விரல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேடு அங்கேதான் உட்கார்ந்திருந்தது, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மைசூரிலேயே ஒரு நர்ஸிங் ஹோமிலிருந்து போன் வந்தது. மதிய நேரம், வார்டில் ஒரு குழந்தை மூச்சுத் திணறி நீலம் பாரித்துவிட்டது. பெட்டி கத்தவில்லை. அங்கிருந்த நர்ஸ்தான் பார்த்து, தூக்கி, முதுகைத் தேய்த்து, டாக்டரைக் கூப்பிட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள், பிழைத்துவிட்டது. ஆனால் அவ்வளவு நீலமாகும் வரை நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று குழந்தையின் அப்பா கேட்கிறார். அவள் தூங்கியிருக்க வேண்டும், அல்லது அலாரத்தை அணைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு கட்டிவிட்டது. மிஷின் சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்கள். என்னைப் போகச் சொன்னார் டி.என். சார்.

அந்த நர்ஸின் பெயர் ஆக்னஸ், ஹனூர்ப் பக்கம். விசாரணை முடியும் வரை வார்டுக்குள் நுழையக் கூடாது என்று ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் எழுந்து நின்றாள்.

“நானு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரலீங்க மேடம். தூங்கவும் இல்லீங்க. நம்பரு தொண்ணூத்தாறுலயே நின்னுச்சுங்க, மேலயும் அசையல, கீழயும் அசையல. கொழந்தயப் பாத்தா ஒதடு நீலமா இருக்குது. நான் நம்பர நம்பறதா, ஒதட்ட நம்பறதா, நீங்களே சொல்லுங்க.”

“அலாரம்?”

“தொடவே இல்லீங்க. எங்கப்பா மேல சத்தியமுங்க. இந்தப் பேரோட வெளிய போனா எந்த ஆஸ்பத்திரில என்னைச் சேப்பாங்க?”

எங்கள் பெட்டி அப்படிச் செய்யாதும்மா என்று வாய் வரை வந்தது. நடக்க வழியே இல்லையே! பட்டை கழன்றால் கத்தும், வயர் விட்டால் கத்தும், எல்லாம் சோதித்து அனுப்பியது. பாவம், பயத்தில் உளறுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. பெட்டியை அவர்கள் அணைத்து வைத்திருந்தார்கள். அணைத்தால் உள்ளே இருக்கும் பதிவு அழிந்துவிடும், அதனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று படித்துப் பார்க்கவும் வழியில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரையும் மூட்டை கட்டினேன். கட்டிலுக்கு எட்டவில்லை என்று ஆஸ்பத்திரியில் நடுவே மாட்டியிருந்த மெல்லிசான நீள யுஎஸ்பி வயர், அடாப்டர், சளி உறிஞ்சும் பம்பும் அதுவும் சேர்ந்து செருகியிருந்த பிளக் போர்டு, எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஷெட்டில் அதே வரிசையில் மாட்டினேன். பம்புக்குப் பதிலாக, கூட்டுவதற்கு வைத்திருந்த பழைய வேக்குவம் கிளீனர். என் விரலில் பட்டையைச் சுற்றினேன், தொண்ணூற்றெட்டு காட்டியது. வேக்குவம் கிளீனரைப் போட்டேன். பக்கத்துத் திரையில் போர்டின் பதிவு ஓட ஆரம்பித்தது. சென்சார் விட்டுப்போனது, வந்தது, விட்டுப்போனது, வந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் போர்டு அதற்குப் புது வரிசை எண் கொடுக்கும், அந்த வரிசை எண் கிடுகிடுவென்று ஏறியது. மீட்டரை எடுத்து அடாப்டர் முனையில் வைத்தேன், ஐந்து வோல்ட் சரியாக இருந்தது. நீள வயரின் மறுமுனையில் வைத்தேன், நாலரைகூடத் தேறவில்லை. சரி, வழியில் மின்சாரம் இளைத்துப் போகிறது, பக்கத்தில் மோட்டார் ஓடும் இடைஞ்சலும் சேர்ந்தால் சென்சார் பசியில் மயங்கி விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம்கூட வந்தது. திரையில் என் தொண்ணூற்றெட்டு ஆடாமல் நின்றது. டி.என். சார் எழுதிய வரிகள் அழகாகச் சமாளிக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மாதப்பா டீ கொண்டுவந்தார். டம்ளரை வாங்கப் பட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். திரையில் தொண்ணூற்றெட்டு.

பட்டையைப் பார்த்தேன், மர மேஜை மேல் கிடக்கிறது. திரையைப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பு எழுபத்து நாலு. கத்தவில்லை. கத்தும், இதோ கத்தும் என்று காத்திருந்தேன். டீ ஆறிப் போனது, பெட்டி வாயே திறக்கவில்லை. என் இயேசுவே!

மாதப்பா எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், மேஜைக்கும் உசுரு வந்துடுச்சா?” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நடந்தது இதுதான். சென்சார் விட்டுப்போனால் சில விநாடிதான் பொறுக்க வேண்டும். ஆனால் அது திரும்பி வந்து தலைகாட்டிய உடனே புரோகிராம், ‘ஆள் வந்தாயிற்று, முதலிலிருந்து இன்னும் சில விநாடி பொறு’ என்று கணக்கைப் புதிதாக ஆரம்பித்தது. வந்த ஆள் ஒரு ரீடிங்கும் கொடுக்காமல் மறுபடி விழுந்துவிடும், மறுபடி வரும், மறுபடி கணக்கு முதலிலிருந்து. பம்பு ஓடும் வரை பழைய எண் நின்றுகொண்டே இருக்கும். நாங்கள் வருஷக்கணக்காக இதைக் கவனிக்காததற்குக் காரணம் எங்கள் விரல்கள். எல்லாரும் திடமாக இருப்பவர்கள். பழைய தொண்ணூற்றெட்டும் புதிய தொண்ணூற்றெட்டும் ஒன்றுபோல்தானே இருக்கும்! மூச்சுத் திணறும் விரல் ஒன்றுகூட எங்கள் ஷெட்டுக்கு வந்ததில்லை.

டி.என். சாரின் அறைக்கு ஓடினேன்.

“சார், பெட்டி பொய் சொல்லுது.”

“பாத்தியா, நெனைச்சுண்டியா?”

“பார்த்தேன் சார். நீங்களும் வந்து பாருங்க.”

வந்தார். வாட்சைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், பையின் பட்டனை மாட்டினார். மேஜை மேல் கிடந்த பட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வேக்குவம் கிளீனரை நிறுத்தினார், சென்சார் எழுந்து நின்றது, எண் அழிந்தது, பெட்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. பட்டையைத் தன் விரலில் சுற்றி, எண் வந்த பிறகு மறுபடி கிளீனரைப் போட்டு, பட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இந்த முறை மேஜைக்குத் தொண்ணூற்றேழு. அதே மாதிரி இரண்டு மூன்று தடவை செய்தார்.

“இது நான் எழுதினது” என்றார் கடைசியில். “என் கையால எழுதினது ஜெசிந்தா.”

பிறகு தண்ணீர் கேட்டார். மாதப்பா கேன்டீன் ஜக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார், வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி ஓடிவந்தார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். “அந்த நீள வயரை மாட்டினது அவங்க. அதை மட்டும் எழுதிக் கொடுப்போம். அதுவும் உண்மைதானே?” என்று கன்னடத்தில் கெஞ்சினார். உண்மைதான், அதுதான் கொடுமை.

“வயர் கரெண்ட்டைத்தான் கெடுத்தது. பொய் சொன்னது என் புரோகிராம்” என்றார் டி.என். சார். “நாளைக்கு விசாரணைக்கு நானே போறேன். நீங்களும் வாங்கோ.”

விசாரணையில் தலைமை டாக்டரம்மா, நிர்வாகி, குழந்தையின் அப்பா, சுவரோரம் ஆக்னஸ். யாரையும் பேசவிடாமல் டி.என். சார் பெட்டியை மாட்டினார். பம்பையும் அதே பிளக் போர்டில் செருகினார். தன் விரலில் பட்டை, திரையில் எண். பம்பைப் போட்டார், பட்டையைக் கழற்றி டாக்டரம்மாவின் மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

எல்லாரும் திரையையே பார்த்தார்கள். டாக்டரம்மா எழுந்து வந்து பட்டையைத் தூக்கிக் காற்றில் ஆட்டினார். தொண்ணூற்றேழு. பெட்டியைத் தட்டினார். தொண்ணூற்றேழு. “கடவுளே, இதை வெச்சுக்கிட்டா நாங்க…” என்று சொல்லி முடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்தத் தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லை” என்றார் டி.என். சார். “இவ மிஷினை நம்பாம குழந்தையைப் பாத்தா. அதனாலதான் குழந்தை இருக்கு.”

குழந்தையின் அப்பா ஆக்னஸைப் பார்த்தார். “இந்தம்மாவையா நான் அத்தனை பேச்சுப் பேசினேன்?” என்றவர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். ஆக்னஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அங்கேயே, நர்ஸிங் ஹோம் வராந்தாவில் நின்று, டி.என். சார் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். எந்தெந்த ஊருக்குப் பெட்டி போனது என்று அவருக்கு மனப்பாடம். போனை என்னிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். “பொட்டிய அணைச்சுடுங்கோ. எண்ணை நம்பாதீங்கோ. குழந்தையைப் பாருங்கோ.” எல்லா இடத்திலும் இதே மூன்று வாக்கியம், கன்னடத்தில் சில, தமிழில் சில. ஆக்னஸும் வந்து பக்கத்தில் நின்றாள்.

ஹனூரைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எடுத்தவர் நிதானமாகப் பேசினார்.

“அந்தப் பொட்டிங்களா? ஓரமா வெச்சிருக்கறமுங்க. பொட்டி மேல தப்பில்லீங்க சார், பாத்துக்கிட்டிருந்த புள்ள கண்ணசந்துட்டா, கேட்டா நம்பரு நல்லாத்தான் நின்னுச்சுங்கறா. அந்தப் புள்ளய வேலய விட்டு அனுப்பிட்டமுங்க.”

டி.என். சார் என் கையிலிருந்த போனின் பக்கம் குனிந்தார். “குழந்தை?”



“இல்லீங்க” என்றார் அவர்.

முதலாளி வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். டி.என். சார் அசையாமல் நின்றார். ஆக்னஸ்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் பேசினாள்.

“அந்தப் புள்ள எந்த ஊருங்க? பேரு என்னங்க?”

மஞ்சுளா என்று சொன்னார்கள். ஊரையும் சொன்னார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டி.என். சார், ஆக்னஸ், நான், மூன்று பேரும் போனோம். வழி முழுக்க அவர் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி வீடு. மஞ்சுளா கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், என் மகளைவிடச் சின்னவள். நாங்கள் யார் என்று ஆக்னஸ் சொன்னதும் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி யாரோ திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

டி.என். சார் உட்காரவில்லை. வயர், சென்சார், எதுவும் சொல்லவில்லை. “அம்மா, அன்னிக்கு அந்தப் பொட்டி காட்டின எண் பொய். குழந்தைக்கு மூச்சு நின்ன பிறகும் அது பழைய எண்ணையே காட்டிண்டு இருந்திருக்கு. அதை அப்படி எழுதினவன் நான்தான். உன் மேல தப்பே இல்லை” என்றார்.

அவள் அவரைத் திட்டவில்லை, அழவும் இல்லை. அவர் முகத்தை, என் முகத்தை, ஆக்னஸின் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் தூங்கலீங்களா சார்?”

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாரும் சொல்லிச் சொல்லி, தூங்கிவிட்டதாக அவளே நம்பிவிட்டிருந்தாள்.

“இல்லைம்மா” என்றார் டி.என். சார். “நீ முழிச்சிண்டுதான் இருந்தே.”